நாறுகோணமலையில் ஒரு பல்கலைக்கழகம்

சென்ற மாரிகாலத்தில் ஹரோவில் நடந்த ஒரு சந்திப்புக்குப் போயிருந்தேன். நாற்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். புலம்பெயர்ந்த எங்களுடைய பணத்தில் ஊரிலே ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்கவேண்டும் என்பதுதான் பேச்சு. கணக்காளர் ஒருவர் திரையிலே படம் காட்டி விளக்கினார். காணி, கட்டிடம், ஆளுக்கு எத்தனை பங்கு, எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கிருந்தது. படம் முடியுமுன்னே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அப்ப கல்வியை விக்கப் போறியளோ?" என்று கேட்டார். அதோடு கூட்டம் இரண்டுபட்டது. இலவசக் கல்வியால் வந்த பிள்ளைகள் நாங்கள் என்றார்கள் ஒரு பக்கத்தார். தரப்படுத்தலால் வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகளும் நாங்கள்தான் என்றார்கள் மறுபக்கத்தார். இரண்டும் உண்மை. நானே இரண்டிலும் இருக்கிறேன்.

நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "பட்டத்தை ஆர் குடுப்பினம்?" கணக்காளர் அதைக் குறித்துக்கொண்டு, பிறகு பார்ப்போம் என்றார். பக்கத்திலிருந்தவர்கள் இது ஏதோ நிர்வாகச் சிக்கல் பற்றிய கேள்வி என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் தனியார் பல்கலைக்கழகம் என்ற விடயத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது. அதை அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார். அவருடைய வீட்டுப் படலையில் ஒரு தகரப் பலகை. பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (லண்டன்)' என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் நாங்கள் அவர் லண்டனில் இருந்து வந்தவர் என்றே நம்பினோம். அங்கே பனி எப்படிக் கொட்டும் என்று ஒருநாள் கேட்டபோது சிரித்தார். அவர் கடலைத் தாண்டியதே இல்லை. பகலில் படிப்பித்துக்கொண்டு, இரவில் அரிக்கன் லாம்பில் படித்து, கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதி எடுத்த பட்டம் அது. விடைத்தாள்கள்தான் கப்பலேறின.

1986இல் நான் இங்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முந்திய ஆண்டில்தான் பிரித்தானியா இலங்கையருக்கு விசாக் கட்டாயம் என்று சட்டம் போட்டிருந்தது. பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. வாத்தியாரிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. சுகம் விசாரித்துவிட்டு, கடைசி வரியில், "எங்கட யூனிவர்சிற்றியைப் போய்ப் பாத்தனியோ?" என்று கேட்டிருந்தார். எங்கட என்ற அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. வேலை முடிந்த ஒரு காலையில், நித்திரைக் கண்ணோடு புளூம்ஸ்பரிக்குப் போனேன். செனற் ஹவுஸ் என்ற அந்த வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியே நடந்து கோவர் வீதிக்கு வந்தேன். அங்கே தூண்கள் வரிசையாக நிற்க, மேலே ஒரு குவிமாடத்தோடு இன்னொரு கட்டிடம். இதுதான் முதல் 'லண்டன் பல்கலைக்கழகம்' என்பதும், அது ஒரு கம்பனியாகத் தொடங்கப்பட்டது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

1820களில் இங்கிலாந்து முழுவதற்கும் இரண்டே பல்கலைக்கழகங்கள்தான் இருந்தன. ஒக்ஸ்போட்டில் சேர்வதற்கே இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். கேம்பிறிட்ஜில் படிக்கலாம், ஆனால் பட்டம் வாங்கும்போது கையொப்பம் வேண்டும். ஆக, கத்தோலிக்கர், யூதர், திருச்சபையிலிருந்து பிரிந்த மற்றச் சபையார், மதமே வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் வெளியே. கையில் காசிருந்தும் கதவு திறக்காத ஒரு வணிகர் கூட்டம் லண்டனில் இருந்தது. 1825 பெப்ரவரியில் தோமஸ் கம்பெல் என்ற கவிஞர், ஹென்றி புறூம் என்ற அரசியல்வாதியை விளித்து 'ரைம்ஸ்' பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தலைநகருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருடம், 1826 பெப்ரவரி 11இல், கம்பனி உருவானது. ஒரு பங்கு நூறு பவுண். அந்தக் காலத்து நூறு பவுண் சின்னக் காசல்ல. கோவர் வீதிக் காணியை முன்கூட்டியே தங்கள் பணத்தைப் போட்டு வாங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் என்ற யூத வணிகர். தன்னுடைய பிள்ளைகள் படிக்க முடியாத நாட்டில் தானே ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடக்கிவிட்டார் மனுசன்.

காணி குப்பை கொட்டிக் கிடந்த இடம். 'ஜோன் புல்' என்ற பழமைவாதப் பத்திரிகைக்கு அது வாய்ப்பாகிவிட்டது. புதிய பல்கலைக்கழகத்துக்கு அது வைத்த பட்டப்பெயர் 'ஸ்ரிங்கோமலி'. எங்களுடைய திருகோணமலையை ஆங்கிலேயர் அழைத்த பெயரோடு நாற்றம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை முடிச்சுப் போட்டுச் செய்த கேலி. தமிழில் சொன்னால் நாறுகோணமலை. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தூரத்துக் குடியேற்றத் துறைமுகம் ஒன்றின் பெயரே ஒரு வசை. மதமில்லாதவனும் யூதனும் படிக்கும் இடத்துக்கு அந்த வசை பொருத்தம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

1828 ஒக்ரோபரில் வகுப்புகள் தொடங்கின. மூன்று பீடங்கள்: கலை, சட்டம், மருத்துவம். இறையியல் இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான், எந்தச் சபையின் இறையியலைப் படிப்பிப்பது என்று தொடங்கினால் கம்பனி அன்றைக்கே உடைந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒக்ஸ்போட்டார் கல்வி என்றே கணக்கெடுக்காத பாடங்கள் உள்ளே வந்தன. ஆங்கில இலக்கியத்துக்கு இங்கிலாந்தின் முதலாவது பேராசிரியர் பதவி இங்கேதான் உருவானது. நவீன ஐரோப்பிய மொழிகள், அரசியல் பொருளாதாரம், இரசாயனம், கீழைத்தேய மொழிகள் எல்லாம் இருந்தன. கணிதத்துக்கு ஒகஸ்ரஸ் டி மோர்கன் என்ற இருபத்திரண்டு வயதைக்கூட எட்டாத இளைஞர் பேராசிரியரானார். சட்டவியலுக்கு வந்த ஜோன் ஒஸ்ரின் இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் பெயர். ஆனால் கேட்க ஆளில்லாமல் சில ஆண்டுகளிலேயே பதவியை விட்டார். பேராசிரியரின் வருமானம் மாணவர் கட்டும் கட்டணத்தைப் பொறுத்ததாக இருந்தது. தனியார் கல்வியின் பலமும் பலவீனமும் ஒரே வகுப்பறையில் தெரிகிறது. கூட்டம் சேர்க்கும் பாடம் வாழும்; சேர்க்காத பாடம், அதைப் படிப்பிப்பவன் ஒஸ்ரினே ஆனாலும், சாகும். கணக்காளர் நண்பர் இந்த இடத்தை இரண்டுதரம் வாசிக்கவேண்டும்.

பங்குதாரருக்கு இலாபம் என்று ஒன்றும் வரவில்லை. கட்டிடத்தையே முடிக்கக் காசில்லை. வில்கின்ஸ் வரைந்த முன்முற்றத்தின் நாலாவது பக்கம் பூர்த்தியானது 1985இல்தான். 1869இல் ஒரு சட்டத்தின் மூலம் பங்குடைமையே ஒழிக்கப்பட்டது. ஆகவே, 'தனியார் என்றால் கொள்ளை இலாபம்' என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. அதேபோல, 'தனியாரிடம் விட்டால் தன்பாட்டில் ஓடும்' என்ற வாதமும் நிற்காது.

உண்மையான சண்டை பட்டத்தில்தான் வந்தது. பட்டம் கொடுப்பதற்கு அரச பட்டயம் வேண்டும். ஒக்ஸ்போட்டும் கேம்பிறிட்ஜும் விடவில்லை. கோவர் வீதியின் கடவுளில்லாத நிறுவனம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. போட்டியாகத் திருச்சபையின் ஆதரவோடு 1829இல் கிங்ஸ் கல்லூரி தொடக்கப்பட்டது. அந்தக் கல்லூரி தொடர்பான ஒரு பத்திரிகைக் கடிதத்தால் பிரதமர் வெலிங்டன் கோமகன் ஒரு பிரபுவோடு பற்றர்சி வெளியில் துப்பாக்கிச் சமர் செய்யப் போனார். (இருவருக்கும் காயமில்லை. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத் தேர்தல்கள் இந்தளவுக்குப் போனதில்லை என்பது ஆறுதல்.) கடைசியில் 1836இல் அரசாங்கம் ஒரு சமரசம் செய்தது. இரண்டு கல்லூரிக்கும் பட்டம் கொடுக்கும் உரிமை இல்லை. மூன்றாவதாக ஒரு சபை உருவாக்கப்பட்டு, 'லண்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயர் அதற்குக் கொடுக்கப்பட்டது. முதல் வந்த கம்பனி தன் பெயரை இழந்து 'யூனிவர்சிற்றி கொலிஜ்' ஆனது. புதிய பல்கலைக்கழகத்தில் மாணவரில்லை, ஆசிரியரில்லை, வகுப்பறையில்லை. சோதிப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். படிப்பிப்பது ஒருவர், சோதித்துப் பட்டம் கொடுப்பது வேறொருவர்.

இந்த வினோதமான ஏற்பாடுதான் பின்னாளில் எங்கள் ஊர்ப் படலையில் தகரப் பலகையாகத் தொங்கியது.

அதற்குப் போகுமுன் வட்டுக்கோட்டைக்கு வரவேண்டும். கம்பெல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு வருடங்கள் முன்பே, 1823இல், அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரிக்கான திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் உயர்கல்விக் கல்லூரி. பணம் அமெரிக்க நன்கொடையாளருடையது, அதுவும் தனியார்தான். பிரித்தானிய ஆட்சியில் அமெரிக்கருக்குக் கல்லூரிப் பட்டயம் கிடைக்கவில்லை. ஆகவே அது 'செமினரி' என்ற பெயரோடு நடந்தது. டானியல் பூவர் முதல் அதிபர். பின்னர் ஹொய்சிங்டன். கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம், தமிழ் இலக்கணம் என்று அது படிப்பித்த அளவைப் பார்த்து, இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் ரெனன்ற் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது என்று 1850இல் எழுதினார். ஒரே சாம்ராச்சியம், ஒரே பத்தாண்டு. கோவர் வீதிக்கும் பட்டயமில்லை, வட்டுக்கோட்டைக்கும் பட்டயமில்லை. முதலாவது பதினொரு ஆண்டுகள் போராடி ஒரு பாதி வெற்றி பெற்றது. மற்றது 1855இல் மூடப்பட்டது. மூடியது குடியேற்ற அரசு அல்ல; அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழு. ஆங்கிலம் படித்த பையன்கள் மதம் பரப்பப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்களுடைய குறை. காசு கொடுப்பவன் கையை எடுத்தால் கல்லூரி இல்லை. இதையும் எங்கள் கூட்டத்தில் யாரும் நினைவுபடுத்தவில்லை.

மூடி இரண்டு வருடத்தில் நடந்ததைப் பாருங்கள். 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. மூன்றும் லண்டனின் 1836 அச்சில் வார்த்தவை: சோதிக்கும், பட்டம் கொடுக்கும், படிப்பிக்காது. அந்த ஆண்டே சென்னையின் முதல் பி.ஏ. பட்டத்தை எடுத்த இருவர் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். செமினரி முப்பது வருடமாகக் கொடுத்த கல்விக்கு முத்திரை குத்தும் உரிமை அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. வேறொரு ஊரில் வேறொரு சபை வந்து குத்தியது. தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்பதை எல்லோரும் மேடையில் சொல்வோம். அவருக்குப் பட்டம் கொடுத்த ஏற்பாடு கோவர் வீதிச் சண்டையில் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு அடி எடுத்து வைத்தது. இன்ன கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மருத்துவம் தவிர்ந்த துறைகளில், கைவிட்டது. கட்டணத்தைக் கட்டு, சோதனையை எழுது, சித்தியடைந்தால் பட்டம். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய், என்ன மதம் என்று கேள்வியில்லை. 1878இல் பெண்களுக்கும் பட்டங்கள் திறந்தன. ஒக்ஸ்போட் அதற்கு 1920 வரை எடுத்தது. வெளியே நின்றவர்களுக்கெல்லாம் இது ஒரு வாசல். காந்தி 1890இல் இரண்டாம் முறை எழுதித்தான் லண்டன் மெற்றிக்குலேஷன் சித்தியடைந்தார். முதல்முறை லத்தீனில் விழுந்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் சிறைமுகாம்களில் இருந்த போர்க்கைதிகள் இந்தச் சோதனைகளை எழுதினார்கள். மண்டேலா றொபின் தீவுச் சிறையிலிருந்து லண்டன் சட்டப் பட்டத்துக்குப் படித்தார். கோவர் வீதிக் கல்லூரிக்கும் இப்படிப்பட்ட விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். 1863இல் ஜப்பானிலிருந்து ஐந்து இளைஞர்கள் நாட்டைவிட்டுப் போகத் தடை இருந்தபோது, மீறினால் மரணதண்டனை என்ற நிலையில், களவாகக் கப்பலேறி வந்து அங்கே இரசாயனப் பேராசிரியர் வில்லியம்சனிடம் படித்தார்கள். ஐவரில் ஒருவர் பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமரானார். ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் ஆனந்த குமாரசுவாமியும் அங்கேதான் படித்தார். கலைக்காக அல்ல, புவியியல் கற்பாறைகளுக்காகவும் தாவரவியலுக்காகவும்.

இலங்கையில் 1921இல் திறந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும் வரைக்கும் லண்டன் பட்டங்களுக்கே மாணவரைத் தயாரித்தது. பொன்னம்பலம் அருணாசலம் 1906இலிருந்து இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் கேட்டுப் போராடியதற்குக் காரணம் இந்தக் கடன்வாங்கிய முத்திரைதான். வட்டுக்கோட்டையில் 1872இல் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியால் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் பிற்காலத்தில் பட்ட வகுப்பு வைத்து லண்டன் சோதனைக்கு அனுப்பியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டிடமும், விஞ்ஞானத்துக்கு வட்டுக்கோட்டைப் பட்டப் பிரிவின் கட்டிடமும் எடுக்கப்பட்டன. இரண்டும் தனியார் முயற்சியில் கட்டியவை. எங்கள் அரச பல்கலைக்கழகமும் தனியார் சுவருக்குள்தான் பிறந்தது.

நண்பர்கள் கோபிக்கக்கூடாது, இந்த வாசலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். லண்டன் சோதனை மதத்தைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. ஆனால் சோதனை மேசைக்கு வந்து சேர்வதற்கு முன்னே யாழ்ப்பாணம் கேட்டுவிட்டது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று வந்தபோது அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களை எரித்தவர்கள் நாங்கள். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளை மெற்றிக்குலேஷன் வரை எப்படி வரும்? என் வாத்தியாருடைய அரிக்கன் லாம்புக் கதையைச் சொல்லும்போது, லாம்புக்கு எண்ணெய் வாங்கவும், தபாலில் புத்தகம் எடுக்கவும், ஆங்கிலம் படிக்கவும் அவருடைய வீட்டில் வழியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். இலவசக் கல்விதான் அந்த மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. பின்வரிசைத் தோழரின் கோபத்தில் நியாயம் இருப்பது இங்கேதான்.

எனக்குத் தரப்படுத்தல் கதவைச் சாத்தியது. ரியூட்டரியில் லண்டன் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோது 83 வந்தது. சோதனை எழுதவில்லை, லண்டன்தான் கிடைத்தது.

இங்கு வந்தபிறகு கண்ட தனியார் கல்வி வேறு சாதி. 2000களில் மாணவர் விசாவுக்கென்று கடைகளுக்கு மேல் மாடியில் கல்லூரிகள் முளைத்தன. ஊரிலிருந்து அக்காவின் மகன் அப்படியொன்றுக்கு வந்தான். பெயரைச் சொல்லத் தேவையில்லை. காணி ஈடு வைத்துக் கட்டிய முற்பணம். இரண்டு வகுப்பறை, ஒரு பிரதியெடுக்கும் மெஷின். பத்து மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. பட்டம் வேறொரு நிறுவனம் தரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு இவனுடைய பெயரே போயிருக்கவில்லை. காசு திரும்பவில்லை, விசாவும் முடிந்தது. அவன் அழவில்லை. "மாமா, நான் அந்தப் பேப்பரை வாசிச்சிருக்கவேணும்" என்று மட்டும் சொன்னான். நானும் வாசிக்கவில்லை. இருபது வருடம் லண்டனில் இருந்த மாமா.

இலங்கையிலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ராகமையில் 1980களில் நடந்த தனியார் மருத்துவக் கல்லூரியை 1989இல் அரசு கையேற்க வேண்டி வந்தது. மாலபேயில் 2008இல் தொடங்கிய தனியார் நிறுவனத்தின் மருத்துவப் பட்டத்தை மருத்துவ சபை பதிய மறுத்து, வழக்கும் வேலைநிறுத்தமுமாக இழுபட்டு, 2018இல் மூடப்பட்டு மாணவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். கட்டணம் கட்டிய பெற்றோரும் இலவசக் கல்விக்காக வீதியில் நின்ற மாணவரும் ஒரே நேரத்தில் தண்டிக்கப்பட்டார்கள்.

பிரித்தானியாவிலும் எல்லை கலங்கித்தான் கிடக்கிறது. 1976இல் பக்கிங்ஹாமில் அரச பணமில்லாமல் ஒரு தனியார் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தபோது பெரிய விவாதம் நடந்தது; 1983இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. அப்போது மற்ற இடங்களில் இந்நாட்டு மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. 1998இல் வருடத்துக்கு ஆயிரம் பவுண் வந்தது, 2006இல் மூவாயிரம், 2012இல் இங்கிலாந்தில் ஒன்பதாயிரம். என்னுடைய மகள் அந்த மூன்றாவது கூட்டத்தில் அகப்பட்டவள். அவள் படித்தது அரச பல்கலைக்கழகமா, தனியாரா என்று கேட்டால் கடன் பத்திரத்தைக் காட்டுவாள்.

ஆகவே ஹரோக் கூட்டத்துக்கு என்னுடைய நிலைப்பாடு இது. தனியார் என்ற சொல்லுக்காக எதிர்க்கமாட்டேன். கோவர் வீதிக் கம்பனி வெளியே நின்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. எங்களுடையது யாருக்கு என்று முதலில் எழுத்தில் வரவேண்டும். மலையகப் பிள்ளையும், வன்னியில் தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளையும் எத்தனை பேர் கட்டணமின்றி வருவார்கள் என்பது பங்கு விற்குமுன் நிச்சயிக்கப்பட வேண்டும். பங்குதாரருக்கு இலாபம் என்ற வரியை வெட்டவேண்டும். அனுப்புகிற காசு ஒரு வருடம் நின்றால் வகுப்பு நிற்காதபடி முதலை வைப்பிலிட வேண்டும். வட்டுக்கோட்டையில் நடந்தது மறுபடி நடக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னே, பட்டம் யாருடையது, அதை யார் ஏற்பார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பல்கலைக்கழகம் அல்ல, ரியூட்டரி. ரியூட்டரி தப்பில்லை, நல்ல ரியூட்டரிகள் எங்களைப் படிப்பித்திருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றிப் போடக்கூடாது.

வாத்தியார் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து போனபோது, அந்தப் பட்டப் பத்திரத்தைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தகரப் பலகையைப் படலையிலேயே விட்டுவிட்டாராம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கணக்காளர் ரெலிபோன் எடுத்தார். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார் மகிழ்ச்சியோடு. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, பட்டத்தை அவர்களுடைய பெயரில் கொடுக்கலாமாம். "திரும்பவும் லண்டனோ?" என்று கேட்டேன். லண்டன் இல்லை, கொஞ்சம் வடக்கே என்றார். ஒரு பிள்ளை கட்டும் கட்டணத்தில் எவ்வளவு அவர்களுக்குப் போகும் என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டம் ஈஸ்ரருக்குப் பிறகு.